பின்கட்டுப் பிரசங்கம்

மைசூர் அக்ரஹாரத்து நரசிம்மமூர்த்திக்கு வாய் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நன்றாகவே இருந்தது, கணீரென்ற வாய். பூணூல் போட்ட நாளிலிருந்து தெருக்கோடிக் கோயிலில் கோஷ்டியோடு உட்கார்ந்து பாசுரம் சேவித்து (ஓதுவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வளர்ந்த வாய். அதற்கு ஒரே ஒரு குறை. தனியாக விட்டால் திறக்காது. கூட நாலு பேர் சொன்னால் தூண் அதிரும். அந்த நாலு பேரும் நிறுத்திவிட்டால் இவனும் நிறுத்திவிட்டு, தான் பேசவே இல்லை என்பது போலக் கூரையைப் பார்ப்பான்.

கோஷ்டியின் சௌகரியம் அப்படிப்பட்டது. இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக உட்கார்வார்கள். ஒருவர் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். வரி மறந்துபோனால் வாயைச் சும்மா திறந்து வைத்திருந்தால் போதும், பக்கத்துக் குரல் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆரம்பித்த வரி பாதியில் அறுந்து நிற்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. யாருக்கு அடுத்த சொல் தெரியுமோ அவர் எடுத்து முடித்துவிட வேண்டும். மூர்த்தி இருபத்தெட்டு வயதுவரை இந்தச் சௌகரியத்திலேயே காலத்தைத் தள்ளிவிட்டான். பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் தகப்பனார் ஆளசிங்கையங்கார்தான் "பிடிச்சிருக்கு" என்று சொன்னார். இவன் தலையாட்டியதோடு சரி.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எதற்கெடுத்தாலும் திட்டம் என்று ஊரெல்லாம் பேச்சுக் கிளம்பியிருந்த காலம். நகரசபையும் தன் பங்குக்கு ஒன்று போட்டது. பழைய அக்ரஹாரத் தெருக்களில் வீட்டுக்கு வீடு கொல்லைக் கோடியில் இருக்கும் வாளிக் கக்கூஸை எடுத்துவிட்டு, பின்கட்டை ஒட்டித் தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் கட்டித் தருவது. எல்லாவற்றையும் நிலத்தடிக் குழாயில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. குழாய் எல்லார் கொல்லையையும் வரிசையாகக் கடந்து போகவேண்டியிருந்ததால், தெருவில் முக்கால்வாசிப் பேர் சம்மதித்தால்தான் மண்வெட்டி இறங்கும். சம்மதிக்காத தெருவை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். மறுபடி எப்போது வருவார்கள் என்பது அந்தத் திட்டம் போட்டவர்களுக்கே தெரியாது.

மூர்த்தி அதே நகரசபையில் ஓவர்சியர். மேலே இருந்த இன்ஜினீயர் லிங்கப்பன் கொள்ளேகால் பக்கத்துக்காரர். தமிழ், கன்னடம் இரண்டும் அவருக்குச் சொந்தப் பாஷை. அவர் மூர்த்தியைக் கூப்பிட்டு, "உங்க தெருவுதானுங்களே, நீங்களே எடுத்துச் சொல்லிப்போடுங்க" என்றார்.

மூர்த்தி ஒரு அடி பின்வாங்கினான். "சார், நான்... கூட யாராவது..."

"கூட எதுக்குங்க ஆளு? படத்தைக் காட்டுங்க. மொகத்தைப் பாத்துப் பேசுங்க. தொண்டை அடைச்சுதுன்னா ஒரு வாய் தண்ணி குடிங்க. அவ்வளவுதானுங்க பேச்சு" என்று பிரசங்கக் கலை முழுவதையும் மூன்றே வாக்கியத்தில் முடித்துவிட்டு அவர் வேறு கோப்பைப் பிரித்துக்கொண்டார்.

வேறு தெருவாக இருந்தால் மூர்த்தி காய்ச்சல் என்று படுத்திருப்பான். இந்தத் தெருவுக்கு அப்படிப் படுக்க முடியவில்லை. காரணம் அவன் தாயார் செலுவம்பா. போன ஆடி மழையில் ஒரு நாள் விடியலுக்கு வெகு முன்னால், லாந்தரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக் கோடிக்குப் போனவள் பாசிக்கல்லில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிசகிக்கொண்டாள். நாட்டு வைத்தியம், ஆஸ்பத்திரி இரண்டும் பார்த்தாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு காலை இழுத்துத்தான் நடை. அடுத்த மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பின்கதவின் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டாலே மூர்த்தி விழித்துக்கொண்டுவிடுவான். எழுந்து போய்க் கூட நடந்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். படுத்தே இருந்தால் இவனுக்குத் தூக்கம் வராது. அவள் மறுபடி விழுந்துவிடக் கூடாது, அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இதையே கூட்டத்தில் சொல்லிவிட்டால் போயிற்றே என்று கேட்கலாம். சொல்ல முடியாது. விழுந்ததற்கு முதல் நாள்தான் குடும்பமாக மேல்கோட்டைக்குப் போய் மலையேறிச் சேவித்துவிட்டு வந்திருந்தார்கள். எங்கே விழுந்தாய் என்று அக்கம்பக்கத்தில் கேட்டபோது, செலுவம்பா கண்ணை மூடிக்கொண்டு "மலைப்படியில" என்று சொல்லிவிட்டாள். அதுமுதல் தெருவில் அவளுக்கு ஒரு தனி மரியாதை. பெருமாள் படியில் இடுப்பைக் கொடுத்தவள் என்று சுமங்கலிகள் அவள் காலில் விழுந்து மஞ்சள் குங்குமம் வாங்கிப் போனார்கள். "கக்கூஸுக்குப் போற வழியில விழுந்தான்னு தெரு பேசித்துன்னா நான் கிணத்துல இறங்கிடுவேன்" என்று மகனிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். அந்தக் கிழவிக்கு வலியைவிட மானம் பெரிது. நம்மில் யாருக்குத்தான் இல்லை?

ஆகவே சொல்ல வேண்டிய ஒரே காரணத்தை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, மற்ற காரணங்களையெல்லாம் சேர்த்து மூர்த்தி ஒரு பிரசங்கம் எழுதினான். அடேயப்பா, என்ன பிரசங்கம். "கனம் பொருந்திய பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கி, நகரத்தின் மேன்மை, சுகாதாரத்தின் மாண்பு, தேசத்தின் முன்னேற்றம் என்று மூன்று மாடி ஏறி, நாலாவது மாடியில்தான் கக்கூஸ் வந்தது. அதுவும் கக்கூஸ் என்ற பெயரில் வரவில்லை, 'நவீன கழிப்பிட ஏற்பாடு' என்று பட்டுக் கட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த வேலை நெட்டுருப் போடுவது. மூர்த்திக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்: பாசுரம் பாடம் பண்ணுகிற வழி. ஒருவர் ஒரு தரம் சொல்ல, கற்றுக்கொள்கிறவன் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். மனைவி பத்மாஸினி தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் வாசிப்பாள். இவன் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு தரம் உரக்கச் சொல்வான்.

"வளைகுழாயினுள் எக்காலமும் தேங்கி நிற்கும் நீரானது..."

"கீழிருக்கும் துர்வாடையை மேலே எழவொட்டாது தடுக்கும்" என்று உள்ளிருந்து ஆளசிங்கையங்கார் குரல் வரும். "எழவொட்டாதுல மூச்சு வாங்குடா. தடுக்கும்கறதை இழுக்காதே. முழுங்காதே."

அவருக்கு விஷயம் என்னவென்று தெரிந்திருந்ததா என்பது சந்தேகம். எந்த வாசகமும் கேட்கிறபடி கேட்டால் அவருக்குச் சேவிக்கத் தோன்றிவிடும். செலுவம்பா காய் நறுக்கிக்கொண்டே முணுமுணுப்பாள். ஒரு வாரத்தில் வீடு முழுவதும் பிரசங்கம் மனப்பாடம். அக்ரஹாரத்து வீடுகள் ஒட்டுச் சுவர் வீடுகள் என்பதை மூர்த்தி யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்திலும் இந்தப் பக்கத்திலும் காதுகள் இருந்தன.

பத்மாஸினி மட்டும் ஒரு நாள் தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏன்னா, இதுல அம்மா எங்கே வரா?"

"வரமாட்டா. வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் எங்கே வரேன்? நானும்தானே மழைல போயிண்டு வரேன்."

"பொதுவா எழுதியிருக்கு, பத்மா. தாய்மார்களேன்னு ஆரம்பத்துலயே வருதே."

"வருது" என்றாள் அவள். தாளை நிமிர்த்தி அடுத்த வரியை வாசித்தாள்.

கூட்டம் தெருவின் பஜனைக் கூடமான ராமமந்திரத்தில். லிங்கப்பன் காலையிலேயே ஆள் விட்டுப் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, எல்லார் முகமும் பேச்சாளரைப் பார்க்கும்படி செய்துவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் வந்தவர்கள் பெஞ்சுகளை ஒன்றுவிடாமல் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, ஜமக்காளத்தை விரித்து, பழக்கப்படி இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் தூணுக்கு அந்தப் பக்கம். மூர்த்தி வரிசைகளின் ஒரு கோடியில், தான் வரைந்து மாட்டிய படத்துக்குப் பக்கத்தில் நின்றான். முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லியிருந்தார் லிங்கப்பன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் காதுகளும் குடுமிகளும்தான்.

படம் என்னவோ அழகாகத்தான் வந்திருந்தது. வளைகுழாயை நீல மையில் தீட்டியிருந்தான். தூணோரத்தில் ஒரு மாமி, "அன்னபட்சியா?" என்று பக்கத்திலிருப்பவளைக் கேட்டது அவன் காதில் விழுந்தது.

"கனம் பொருந்திய பெரியோர்களே, தாய்மார்களே."

நகரத்தின் மேன்மை சரியாகவே போயிற்று. சுகாதாரத்தின் மாண்பில் தொண்டை அடைத்தது. தண்ணீர் குடிக்கச் சொன்னது நினைவுக்கு வந்து தம்ளரை எடுத்தான். ஆனால் இத்தனை பெரியவர்களுக்கு முன்னால் எச்சில் பண்ணிக் குடிப்பதாவது. தூக்கிப் பிடித்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். அவசரத்தில் பாதி தொண்டைக்கும் பாதி சட்டைக்கும் போயிற்று. நெஞ்சு நனைந்த கோலத்தில் தலையைத் தாழ்த்தியபோது, வரிசையின் இந்த முனையில் இருந்த அடுத்த வீட்டுக் கேசவமூர்த்தி மாமாவின் கண்ணைச் சந்தித்துவிட்டான்.

கேசவமூர்த்தி அரண்மனைக் காரியாலயத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எது புதிதாக வந்தாலும் அதை எதிர்ப்பது அவருக்கு நித்தியகர்மம். கோயிலில் மின்சார விளக்குப் போட்டபோது எதிர்த்தவர். அதன் வெளிச்சத்தில் உட்கார்ந்தே எதிர்த்தவர். அவர் இப்போது மீசையில்லாத உதட்டை ஒரு பக்கமாக இழுத்து மூர்த்தியைப் பார்த்துச் சிரித்தார்.

"வளைகுழாயினுள் எக்காலமும்..." என்றான் மூர்த்தி. அதற்கு மேல் வரவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

ஆளசிங்கையங்காரை இதில் குற்றம் சொல்ல முடியாது. அறுபது வருஷத்துப் பழக்கம். வரி அறுந்தது, குரல் தானாக எழுந்தது. "தேங்கி நிற்கும் நீரானது" என்று அவர் எடுத்தார். தூணுக்கு அப்பாலிருந்து செலுவம்பாவும் பத்மாஸினியும் சேர்ந்துகொண்டார்கள். இந்தப் பக்கத்து வீட்டார் சேர்ந்தார்கள், அந்தப் பக்கத்து வீட்டார் சேர்ந்தார்கள். மனப்பாடம் இல்லாதவர்கள் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் பிடித்துக்கொண்டார்கள். "துர்வாடையை மேலே எழவொட்டாது" என்பதில் எல்லாரும் ஒன்றாக மூச்சு வாங்கியதில் ராமமந்திரமே ஒரு கணம் நின்று புறப்பட்டது போல இருந்தது. கேசவமூர்த்தி மாமா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே சேவித்தார். இத்தனை நாளாகச் சுவர் வழியாகக் கேட்டு, வீட்டாரைவிடச் சுத்தமாக அவருக்குத்தான் பாடமாகியிருந்தது.

கடைசிப் பத்தியை, முடிக்கிற பாசுரத்தைச் சொல்வது போல, முறைப்படி இரண்டு தரம் சொன்னார்கள். "நவீன கழிப்பிட ஏற்பாட்டினை ஏற்று நலம் பெறுவோமாக." பிறகு எல்லாரும் திருப்தியாக எழுந்து, பிரசாதம் எந்தப் பக்கம் என்று பார்த்தார்கள்.

லிங்கப்பன் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே கேட்ட முழக்கத்தில் அவருக்கு ரொம்ப சந்தோஷம். "எல்லாரும் ஒரே குரலாச் சொல்றீங்க, ஆகட்டுமுங்க. அப்ப சம்மதிக்கறவுங்க கை தூக்கிப்போடுங்க" என்றார்.

ஒரு கை எழவில்லை. சேவிப்பது வேறு, சம்மதிப்பது வேறு என்று அந்தக் கொள்ளேகால்காரருக்கு யார் சொல்லிப் புரிய வைப்பது? கேசவமூர்த்தி மாமாதான் முன்வந்தார்.

"வாசகம் நன்னாயிருந்தது. அதை நான் ஆக்ஷேபிக்கலை" என்றார். "ஆனா பெருமாள் எழுந்தருளியிருக்கற ஆத்துல, தளிகை பண்ற உள்ளுக்குப் பக்கத்துல அந்த வஸ்துவைக் கொண்டுவந்து வெக்கணுமா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து கொல்லைக்கோடிக்குத்தான் போயிண்டிருக்கோம். யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு? மழைல நனைஞ்சு யாரும் கரைஞ்சு போகலை. யாராவது விழுந்து எழுந்தாளா? சொல்லேன்ப்பா, மூர்த்தி."

எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். எல்லா முகமும் இப்போது அவன் பக்கம் திரும்பியிருந்தது. இது எழுதி வைத்த தாளில் இல்லாத இடம். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. மூர்த்திக்கு ஓடிப்போய்விடலாம் என்று இருந்தது. வாசலுக்கும் அவனுக்கும் நடுவில் லிங்கப்பன் நின்றிருந்தார். அப்போதுதான், அவனே எதிர்பாராதபடி, கோபம் வந்தது. யாராவது விழுந்தாளா என்று சிரித்துக்கொண்டு கேட்கிறாரே என்ற கோபம்.

"மாமா, தாள்ல இருக்கறது இருக்கட்டும்" என்றான். "எனக்குப் பேசத் தெரியாது, உங்க எல்லாருக்கும் தெரியும். கார்த்தால இருட்டோட பின்கதவு தாழ்ப்பாள் சத்தம் கேக்கும். எங்காத்துல மட்டுமா? உங்காத்துச் சத்தமும் எனக்குக் கேக்கறது. போனவா திரும்பி வந்து கதவு சாத்தற வரைக்கும் நான் முழிச்சிண்டுதான் படுத்திருப்பேன். பயமாயிருக்கு, மாமா. தேசம், முன்னேத்தம்னு நான் எழுதினதெல்லாம் சும்மா. எனக்குப் பயமாயிருக்கு, அதான் கேக்கறேன்."

"எதுக்குப் பயம்?"

"போன ஆடி மழைல..." என்றவன் தாயாரை நினைத்துக்கொண்டு நிறுத்திவிட்டான்.

வரி அறுந்து நின்றது. ஆளசிங்கையங்கார் வாயைத் திறந்து, மனைவி இருந்த தூணைப் பார்த்து, மூடிக்கொண்டார். பத்மாஸினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"விழுந்தது நான்" என்றது செலுவம்பாவின் குரல்.

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். வாழ்நாளில் ஆண்கள் கூடிய இடத்தில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. காலை இழுத்து ஓரடி முன்னால் வந்தபோது முகம் சிவந்து போயிருந்தது.

"மலையில விழலை. கொல்லைக் கோடியில, பாசிக்கல்லுல விழுந்தேன். லாந்தர் அணைஞ்சு போச்சு. கூப்பிட வெக்கம். பொழுது விடியற வரைக்கும் மழைல அப்படியே கெடந்தேன், மருமக வந்து பாக்கற வரைக்கும். மலைப்படின்னு நான்தான் பொய் சொன்னேன். கால்ல விழுந்த பொண்டுகளெல்லாம் மன்னிக்கணும்."

பொழுது விடியும்வரை கிடந்தாள் என்பது மூர்த்திக்கே அன்றுதான் தெரியும். விழுந்த உடனே பார்த்துவிட்டதாகத்தான் வீட்டில் பெண்கள் இருவரும் அவனிடம் சொல்லியிருந்தார்கள். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பேச்சாளன் கூட்டத்துக்கு முன்னால் அழுவது பற்றி லிங்கப்பன் ஒன்றும் சொல்லித் தரவில்லை. அவன் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டான்.

பெண்கள் பக்கத்தில் முதலில் ஒரு சலசலப்பு. பிறகு ஒருத்தி, "நான் முழுகாம இருந்தப்போ வழுக்கினேன்" என்றாள். இன்னொருத்தி தேள் கொட்டியதைச் சொன்னாள். ஒருத்தி சாயங்காலமானால் தண்ணீரே குடிப்பதில்லை என்றாள். அதற்கு நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். இதில் யாருக்கும் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியாகக் கேசவமூர்த்தியின் மனைவி லக்ஷ்மம்மா எழுந்தாள்.

"எங்காத்துலயும் தை மாசம் ஒருத்தர் விழுந்தார்" என்றாள் அமைதியாக. "வாதம்னு சொல்லிண்டு எண்ணெய் தடவிண்டிருக்கார்."

தெரு முழுவதும் கேசவமூர்த்தி மாமாவின் முழங்காலைப் பார்த்தது. அவர் அங்கவஸ்திரத்தை இழுத்து அதை மூடினார்.

"அன்னிக்கு லாந்தர்ல எண்ணெய் இல்லை" என்றார்.

சிரிப்பு அடங்க வெகு நேரம் பிடித்தது. லிங்கப்பன் மறுபடி கேட்டபோது கைகள் எழுந்தன. முதலில் தூணுக்கு அந்தப் பக்கம் எழுந்தன, அதைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கமும் எழுந்தன. பெண்கள் கையை எண்ணலாமா என்று யாரோ கிசுகிசுத்தார்கள், "ஓட்டுப் போட்டாங்கல்லங்க, போன எலெக்ஷன்ல?" என்று லிங்கப்பன் எண்ணிக்கொண்டே போனார். கணக்கு முக்கால்வாசியைத் தாண்டியிருந்தது. பின்சந்து வழியாக அந்த வாளிகளைத் தலையில் சுமந்துபோகும் மனிதர்களைப் பற்றி மட்டும் அன்று அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். மூர்த்தியின் தாளில்கூட அது இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆளசிங்கையங்காரும் பத்மாஸினியும் முன்னால் போய்விட்டார்கள். மூர்த்தி அம்மாவின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தான். லக்ஷ்மம்மா வீட்டு வாசல் தாண்டியதும் அவள் பக்கம் குனிந்தான்.

"நான் வாக்கு மீறலைம்மா" என்றான் அவன். "உன் பேரை நான் எடுக்கலை."

"எடுக்கலை. ஆடி மழைலன்னு ஆரம்பிச்சு நிறுத்தினே." செலுவம்பா நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மகனை ஏற இறங்கப் பார்த்தாள். "நெஜத்தைச் சொல்லு. நான் எடுப்பேன்னு தெரிஞ்சுதானே நிறுத்தினே?"

மூர்த்தி யோசித்துப் பார்த்தான். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இல்லைம்மா. அதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை."

"நல்ல வேளை" என்றாள் அவள், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கியபடி. "தெரிஞ்சிருந்தா நீயே சொல்லி முடிச்சிருப்பே. நான் ஆயுசுக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்."